சலேத் மாதாவும் ஆல்பைன் காரும்

கொடைக்கானல் போய் வந்தவர்களில் நிறைய பேர் சலேத் மாதா கோவிலைப் பார்த்திருப்பார்கள். "சலேத்" என்றால் என்னன்னு கேட்டவர்கள் குறைவு. அது ஒரு ஊர்ப் பெயர். பிரான்சின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலையில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிற லா சலேத். 1846 செப்டம்பர் 19-ல் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகள் அங்கே மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். இருபதே வருஷத்தில், 1866-ல், பிரெஞ்சு சேசு சபைக் குருமார் அதே மாதாவுக்குப் பழனி மலையின் மேல் கோவில் எழுப்பிவிட்டார்கள். மேகம் வந்து முகத்தில் மோதுகிற மலை, குளிர், புல்வெளி. ஊர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிற்பாடு 1895-ல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியும் வந்தது. ஆக, ஆல்ப்ஸின் ஒரு துண்டு கொடைக்கானலில் 150 வருஷத்துக்கு மேலாகவே இருக்கிறது.

லா சலேத்துக்குக் கீழே கோர் என்று ஒரு சிற்றூர். அதன் வழியாகப் போகிறது நெப்போலியன் பாதை. 1815-ல் எல்பா தீவிலிருந்து தப்பி வந்த நெப்போலியன் கிரெனோபிள் நோக்கிப் படையோடு நடந்த வழி. இன்று கார்க் கிறுக்கர்கள் விடுமுறை போட்டுவிட்டு வந்து ஓட்டுகிற பாதை அது. இந்த மாதிரி மலைப்பாதைகளுக்கென்றே பிறந்து, அந்த மலையையே பெயராகவும் வைத்துக்கொண்ட ஒரு கார் உண்டு. ஆல்பைன் ஏ110. (பிரெஞ்சுக்காரர்கள் 'ஆல்பீன்' என்பார்கள். நாம ஆல்பைன்னே வச்சுக்குவோம்.) அரிய பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருப்பது, ரசிப்பது என்றால் என்ன என்று யோசிக்க இதைவிட நல்ல வண்டி கிடைக்காது என்பது என் கட்சி.

ஆனால் "அரிய பிரெஞ்சு கார்" என்றதும் நம் ஊரில் மனசுக்கு வருவது வேறொன்று. மகாராஜாக்கள். 1930களில் பிரான்சில் டெலஹாய், டெலாஜ், புகாட்டி, டால்போ-லாகோ என்று ஒரு வரிசை இருந்தது. கம்பெனி எஞ்சினும் சேஸிஸும் மட்டும் கொடுக்கும். மேலே உடம்பு கட்டுவது ஃபிகோனி-ஃபலாஷி மாதிரியான பட்டறைகளின் வேலை. நம்ம ஊர் லாரி பாடி கட்டுகிற முறைதான், நாமக்கல்லில் நடப்பதன் பணக்கார அண்ணன். தண்ணீர்த் துளி மாதிரி வழிந்து இறங்கும் டால்போ-லாகோ ஒன்று கபூர்தலா அரச குடும்பத்து ஸ்டெல்லாவிடம் இருந்தது. அழகு என்றால் அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் எனக்கு அந்தக் கார்களைப் பார்த்தால் ஒரு பட்டுப்புடவைக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற உணர்ச்சிக்கு மேல் வருவதில்லை. யாருக்காகச் செய்தார்கள் என்பது வண்டியின் ஒவ்வொரு வளைவிலும் எழுதியிருக்கிறது.

அந்தப் பரம்பரை எப்படி அழிந்தது என்பதுதான் சுவாரஸ்யம். போர் வந்தது, போனது. போருக்குப் பிறகு வந்த பிரெஞ்சு அரசு எஃகைப் பங்கு போட்டுக் கொடுத்தது. சின்ன கார் செய்பவர்களுக்கே முன்னுரிமை. போதாக்குறைக்கு, வரிக்கணக்கில் 15 குதிரைத்திறனைத் தாண்டுகிற கார்களுக்குக் கடுமையான தனி வரி. (அது எஞ்சினின் நிஜத் திறன் அல்ல, கொள்ளளவை வைத்து வரிக்காகப் போடுகிற கணக்கு.) பெரிய எஞ்சின் வாங்க ஆள் இல்லை. டெலஹாய் 1954-ல் ஓட்ச்கிஸ் கம்பெனிக்குள் கரைந்தது. புகாட்டியும் டால்போவும் அதே பத்தாண்டிலேயே மூச்சு வாங்கத் தொடங்கின. அந்தப் பணக்காரப் பாணியைக் கடைசியாகப் பிடித்து நிறுத்தப் பார்த்தது 1954-ல் தொடங்கிய ஃபாசெல் வேகா. உடம்பு பிரெஞ்சு, எஞ்சின் அமெரிக்கன் கிரைஸ்லர். 1964-ல் அதுவும் முடிந்தது. இலக்கிய வாசகர்களுக்கு அந்தப் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்கலாம்: 1960 ஜனவரி 4-ல் ஆல்பெர் காம்யு இறந்தது ஒரு ஃபாசெல் வேகாவில்தான். ஓட்டியவர் பதிப்பாளர் குடும்பத்து மிஷெல் கலிமார். காம்யுவின் சட்டைப் பையில் உபயோகிக்காத ரயில் டிக்கெட் இருந்தது. 'அந்நியன்' நாவலை வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் (க்ரியா, 1980) படித்த தலைமுறை நாம். அந்த டிக்கெட்டை நினைக்காமல் ஃபாசெல் வேகாவின் படத்தைப் பார்க்க என்னால் முடிவதில்லை.

சரி, ஆல்பைனுக்கு வருவோம்.

தியெப் என்பது நார்மண்டிக் கடற்கரையில் ஒரு துறைமுகம். மலையே கிடையாது. அங்கே ரெனோ கார் விற்கும் ஏஜென்சி வைத்திருந்தவர் ழான் ரெதெலே, 1922-ல் பிறந்தவர். வணிகம் படித்துவிட்டு இருபத்துச் சொச்சம் வயதிலேயே ஏஜென்சியைக் கையில் எடுத்தார். அவர் விற்றது ரெனோ 4சிவி: பின்னால் எஞ்சின் வைத்த, குடும்பம் போகிற ஒரு பொட்டு வண்டி. தன் வண்டியை விளம்பரப்படுத்தப் பந்தயத்தில் ஓட்டினார். ஓட்ட ஓட்ட அதை மாற்ற ஆரம்பித்தார். 1954-ல் ஆல்ப்ஸ் கோப்பைப் பந்தயத்தில் தன் பிரிவில் ஜெயித்தார். அந்த மலை வளைவுகளில் ஓட்டியதைப் போல வேறெங்கும் சந்தோஷம் கிடைக்கவில்லை என்பதால், அடுத்த வருஷம் தொடங்கிய சொந்தக் கம்பெனிக்கு ஆல்பைன் என்றே பெயர் வைத்தார். முதல் காரான ஏ106-ன் எண்கூட 4சிவி-யின் வகை எண்ணிலிருந்து எடுத்ததுதான். 1955-ல் நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வண்டிகளை ரெனோ தலைமையகத்து முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கொடியின் மூன்று நிறம். வியாபாரி மூளை!

கவனிக்க வேண்டியது, இவர் சொந்தமாக எஞ்சின் செய்யவில்லை. கியர்பாக்ஸ் செய்யவில்லை. சாதாரண ரெனோ உதிரி பாகங்கள், நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு எஃகுக் குழாய், மேலே ஃபைபர் கிளாஸ் உடம்பு. தகடு அடிக்கும் பெரிய அச்சு இயந்திரங்கள் வாங்கக் காசு இல்லாதவன் ஃபைபர் கிளாஸுக்குத்தான் போவான். நம்ம ஊரில் மீன்பிடிப் படகுகள் மரத்திலிருந்து ஃபைபருக்கு மாறின பாருங்கள், கிட்டத்தட்ட அதே கணக்கு: அச்சு ஒன்று இருந்தால் போதும், கையால் ஊற்றி எடுத்துவிடலாம். இப்படி வளர்ந்து 1960களின் தொடக்கத்தில் வந்ததுதான் ஏ110. நீளம் 3.85 மீட்டர். உயரம் 1.13 மீட்டர். அதாவது உங்கள் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே. எடை 700 கிலோவை ஒட்டி. 1600எஸ் என்ற பேர்போன வகையில் ரெனோ 16 குடும்பத்து 1,565 சிசி எஞ்சினை ஏற்றி 138 குதிரைத்திறன் வரை எடுத்தார்கள்.

இப்போது இதை வத்தலக்குண்டு ரோட்டில் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்போம். காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டி, டம் டம் பாறையில் நின்று தலையாறு அருவியைப் பார்த்துவிட்டு, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, ஊர். மேலே 2,133 மீட்டர். மான்டி கார்லோ ராலியில் ராத்திரி பனியில் ஓட்டிப் புகழ்பெற்ற துரினி கணவாய் 1,607 மீட்டர்தான். நம்ம பாதை அதைவிட அரை கிலோமீட்டர் உசரம்!

ஏறும்போது இந்தக் கார் ராஜா. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. மேடு ஏறும்போது எடை இன்னும் பின்னால் சாயும். சுற்றுகிற சக்கரங்களும் பின்னால்தான். எல்லா எடையும் தேவையான இடத்தில் அழுத்துவதால் ஈரத்திலும் பனியிலும் பிடி விடாது. பனி மூடிய ஆல்ப்ஸ் சாலைகளில் தன்னைவிட இரண்டு மடங்கு வசதி படைத்த கார்களை இது அடித்ததன் ரகசியம் இவ்வளவுதான். 1971-ல் ஓவே ஆண்டர்சன் மான்டி கார்லோவை ஜெயித்தார். 1973-ல் உலக ராலி சாம்பியன்ஷிப் என்ற ஒன்று தொடங்கியபோது அதன் முதல் போட்டியே மான்டி கார்லோ. ஜெயித்தது ஏ110-ல் ழான்-க்ளோட் ஆந்த்ருவே. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் 'பிஷ்' என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு பெண். அந்த வருஷத்துக் கம்பெனிகளுக்கான பட்டமும் ஆல்பைனுக்கே.

இறங்கும்போதுதான் வினை. வளைவுக்குள் வேகமாகப் போய்விட்டோம் என்று பயந்து சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் ஓடும், பின் சக்கரம் லேசாகும், எஞ்சினின் பாரம் வாலைச் சுழற்றிவிடும். பம்பரத்தைச் சாட்டையால் சுண்டின மாதிரி. அதோடு, ஏ110-ல் 1973 வரைக்கும் இருந்த 'ஸ்விங் ஆக்ஸில்' அமைப்பில் ஒவ்வொரு பின் சக்கரமும் கியர்பாக்ஸ் பக்கத்தில் மூட்டு வைத்த ஒரு கையில் தொங்கும். வண்டி எம்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். அதனால்தான் பழைய ஏ110-களின் பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கால் அகட்டி நிற்கிற மாடு மாதிரி இருக்கும். ஸ்டைலுக்காக அல்ல.

இன்னொரு கணக்கு. கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது பாட்டுக்குப் பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றும். கலவை கெட்டியாகி, பிளக் கறுத்து, 138 குதிரையில் இருபத்தைந்துக்கு மேல் படுத்துக்கொள்ளும். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் குடியிருக்கும் ஒருவர் இப்படி ஒரு வண்டி வைத்திருந்தால் கீழே இறங்குவதற்கு ஒரு ஜெட், மேலே இருப்பதற்கு ஒரு ஜெட் என்று மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் ரசனை என்பது இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாலிஷ் போடுவதில் இல்லை.

இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பு எடுத்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம் ஒன்று உண்டு. ஆல்பைனின் அந்த உருவத்துக்கு வேர் போட்டவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. அதே மிக்கெலோட்டி 1959-ல் வந்த ஒரு ஆங்கிலேயக் காரையும் வரைந்தார்: டிரையம்ஃப் ஹெரால்ட். 1961 முதல் அதைச் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்தது. நம்ம ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்! டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த, கண்ணுக்கு மேல் புருவம் மாதிரி முகப்பு உள்ள அந்தக் குட்டிக் கார், ஆல்பைனுக்கு ஒருவகையில் சித்தப்பா பிள்ளை.

உறவு வரைந்த கையோடு நிற்கவில்லை. ஹெரால்டுக்கும் பின்னால் அதே ஸ்விங் ஆக்ஸில்தான், குறுக்கே ஒரு பட்டை வில். அதே வியாதி, கொஞ்சம் குறைந்த வேகத்தில். கொண்டை ஊசி வளைவுக்கு மட்டும் ஹெரால்டை அடிக்க ஆள் இல்லை. 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். பஸ் இரண்டு தடவை ரிவர்ஸ் போடுகிற இடத்தில் ஹெரால்ட் ஒரே வெட்டில் போகும். 1972-ல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் அதன் இந்திய அவதாரம். அதில் ஸ்விங் ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு நேர் ஆக்ஸில் போட்டார்கள். நம் மெக்கானிக்குகளுக்கு அந்தப் பழைய மூட்டைக் கட்டி மேய்க்கப் பிடிக்கவில்லை. தியெப்பில் அதே நோய்க்கு 1973-ல் வேறு மருந்து கொடுத்தார்கள். சஸ்பென்ஷனை மொத்தமாகப் புதிதாக வரைந்தார்கள். ஒரே கேள்விக்கு இரண்டு ஊர், இரண்டு பதில். சென்னை சொன்னது மட்டமான பதில் என்று நான் நினைக்கவில்லை. ரிப்பேர் செய்ய முடியாத நல்லதைவிட, ரிப்பேர் செய்ய முடிந்த சுமார் தேவலை என்பது ஒரு நாட்டின் நிலைமையிலிருந்து வரும் முடிவு.

அப்படியானால் ஆல்பைனே இங்கே ஏன் வரவில்லை? பணக்கார நாடுகளுக்கு மட்டும் போன வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். பிரேசிலில் வில்லிஸ் கம்பெனி இதற்கு முந்தைய ஏ108-ஐ 'இன்டர்லாகோஸ்' என்ற பெயரில் செய்தது. மெக்சிகோவில் 'டினால்பின்' என்று செய்தார்கள். ஸ்பெயினில் செய்தார்கள். பல்கேரியாவில், கம்யூனிஸ்ட் ஆட்சியில், 'புல்கர்ஆல்பைன்' என்று கொஞ்ச காலம் செய்தார்கள்! அச்சும் ஃபைபரும் ரெனோ பாகங்களும் இருந்தால் எங்கும் செய்யலாம் என்பதே அந்த வண்டியின் தத்துவம். ஆனால் இந்த நாடுகளிலெல்லாம் ஏற்கெனவே ரெனோ காலூன்றியிருந்தது, அல்லது ஊன்றப் பார்த்தது. நாமோ 1950களிலேயே, இங்கே முழுசாகத் தயாரிக்கத் திட்டம் இருந்தால் இரு, இல்லையென்றால் கிளம்பு என்று சொல்லிவிட்டோம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின. மிஞ்சிய மூன்று கார் கம்பெனிகளில் இரண்டுக்கு ஆங்கிலேய வேர், ஒன்றுக்கு இத்தாலிய வேர். பிரெஞ்சு வேர் எதற்கும் இல்லை. மகாராஜாவின் டெலஹாய் இந்தியா வந்தது. மெக்கானிக்கின் ஆல்பைன் வரவில்லை. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

இன்று நிலைமை தலைகீழ். ரெதெலே ஏழை முறையில் செய்த அந்தக் காரே மகாராஜா கார் ஆகிவிட்டது. ஐரோப்பாவில் நல்ல நிலையில் உள்ள 1600எஸ் ஒன்று லட்சம் யூரோவைத் தொடுவது சாதாரணம். வாங்குகிறவர்களில் பலர் அதை ஏசி போட்ட ஷெட்டில் போர்வை போர்த்தி வைக்கிறார்கள். அந்த ஷெட்டிலும் ஃபைபர் உடம்பு துருப்பிடிக்காமல் பளபளக்கும்; உள்ளே எஃகு முதுகெலும்பு ஈரம் குடித்துச் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கொடைக்கானல் மாதிரி வருஷம் முழுக்க ஈரம் சொட்டும் ஊரில் இப்படி ஒன்றை வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடிப்பது.

சட்டமும் ஒரு வார்த்தை சொல்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வயதைத் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு: நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின்னால் 'விஏ'. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, செல்லுபடி பத்து வருஷம். ஆனால் கண்காட்சி, பழைய கார் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். சும்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் பூம்பாறை வரைக்கும் போய் டீ குடித்துவிட்டு வர முடியாது. மலைக்கென்று பிறந்ததை மலையில் ஓட்டக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதைக் கேட்டுக் கோபப்படத்தான் முதலில் தோன்றியது. பிறகு மலையையும் நினைத்துப் பார்த்தேன். 1875-ல் ரயில் வந்து அம்மையநாயக்கனூரில் கொடை ரோடு நிலையம் வந்த பின்னும், மேலே போக மாட்டு வண்டியில் அடிவாரம் வரை வந்து, அப்புறம் மட்டக்குதிரையிலோ மனிதர் தோளிலோதான் ஏற வேண்டியிருந்தது. டோலி தூக்கியவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மேஜர் லா பெயரில் வத்தலக்குண்டு ரோடு 1914-ல் முடிந்து, 1916-ல் வண்டிகள் ஏற ஆரம்பித்த பிறகுதான் அந்தத் தோள்களுக்கு ஓய்வு. நூறு வருஷம் கழித்து அதே ரோடு தாங்க முடியாமல் திணறுகிறது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு. ஆறாயிரம் இன்னோவாவுக்கும் ஸ்விஃப்டுக்கும் நடுவில் இடுப்பு உயர ஆல்பைன் ஒன்று முதல் கியரில் புகை விட்டுக்கொண்டு நகர்வதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவில் அதன் எஞ்சின் கொதித்து நின்றால் பின்னால் வருகிறவர்கள் சொல்லப்போவது பிரெஞ்சில் இருக்காது.

பழனி மலையில் உண்மையிலேயே குடியிருந்த பிரெஞ்சு எஞ்சின் வேறு. 1970களின் முடிவில் மகிந்திரா தன் ஜீப்புகளுக்கு டீசல் எஞ்சின் தேடி பெஜோ கம்பெனியிடம் போனது. கிடைத்தது எக்ஸ்டிபி 4.90, நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் துளை, 2,112 சிசி. எம்எம்540 உட்பட எத்தனையோ ஜீப்புகளில் ஓடிய குதிரை அதுதான். பஸ் போகாத தடங்களில் பூண்டு மூட்டையும் கேரட் மூட்டையும், பிரசவத்துக்குப் போகிற பெண்ணும், பின்னால் தொங்கிக்கொண்டு நாலு பேருமாக மலையில் ஏறி இறங்கியது. பானெட்டைத் திறந்து 'இது பிரான்ஸ் எஞ்சின்' என்று யாரும் காட்டியதில்லை. காலையில் குளிரில் ஹீட்டர் பிளக் சூடாகிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம் சாவியைத் திருப்புவார்கள்.